கோப்புப் பகிர்வும் சார்புமுறை நிரலாக்கமும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் நாட்டுப் பழமொழி. கணினிக்கு நிரல் எழுதும் கலையில் இதன் உண்மை நன்கு விளங்கும். புதியதொரு நிரல்மொழியைப் பயிலத் தொடங்குவோர் நூலிற் கண்ட சிறு பயிற்சிகளைத் தாமும் எழுதிப் பார்ப்பர், எண்களை வரிசைப்படுத்துவர், ஒரு பட்டியலைத் தலைகீழாக்குவர். இவை வேண்டுவனவே. ஆயினும் இவற்றை முடித்த பின்னரும், "இம்மொழியால் உலகியற் காரியம் யாதேனும் ஆகுமோ?" என்னும் வினா மாணவர் உள்ளத்தே விடையின்றி நிற்கும். சார்புமுறை நிரலாக்கம் பயில்வோர்க்கு இவ்வினா பின்னும் பெரிதாகத் தோன்றும். அம்முறையைக் கணிதப் புலவரின் விளையாட்டென்று எண்ணிக் கைவிட்டோர் பலர்.

யாமும் அங்ஙனம் கைவிடும் நிலையிலேதான் இருந்தோம். நண்பர் சிலர் கூடி, ஒரு கோடை விடுமுறையில், பிட்டாரெண்ட் என்னும் கோப்புப் பகிர்வு நிரலை ஹாஸ்கெல் மொழியில் எழுதுவதென்று துணிந்தோம். அம்முயற்சியில் கற்றவற்றையும் இடறி விழுந்தவற்றையும், பின்வரும் மாணவர்க்குப் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

சார்புமுறை யாது?

கணிதத்திற் சார்பென்பது, கொடுத்த மதிப்பிற்குரிய விடையைத் தருவது. அதே மதிப்பை எத்தனை முறை கொடுப்பினும் அதே விடையையே தருவது. நம் இலக்கணத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். மரம் என்னும் நிலைமொழியும் வேர் என்னும் வருமொழியும் புணர மரவேர் என்றாகும். காலையிற் புணர்த்தினும் மாலையிற் புணர்த்தினும், மதுரையிற் புணர்த்தினும் யாழ்ப்பாணத்திற் புணர்த்தினும் விடை அதுவே. அவ்விடையைக் காணப் புறத்தேயுள்ள பிறிதொன்றைப் பார்க்கவும் வேண்டுவதில்லை; பிறிதொன்றை மாற்றவும் வேண்டுவதில்லை. இத்தகைய சார்பைத் தூய சார்பு என்பர். நிரல் முழுவதையும் இயன்றவரை தூய சார்புகளாலேயே அமைப்பது சார்புமுறை.

1930-களில் அலான்சோ சர்ச் வகுத்த லாம்டா கணிதம் இதற்கு வித்தாயிற்று. 1958-இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியைத் தொடங்கினார். 1970-களில் எடின்பரோவில் ராபின் மில்னரும் அவர்தம் துணைவரும் எம்எல் மொழியை ஆக்கினர். 1987-இல் போர்ட்லண்டு நகரிற் கூடிய அறிஞர், சிதறிக் கிடந்த முயற்சிகளை ஒன்றாக்கப் பொதுமொழி ஒன்று வேண்டுமென்று முடிவு செய்தனர். அதன் பயனாக 1990-இல் ஹாஸ்கெல் மொழியின் முதல் அறிக்கை வெளிவந்தது. ஹாஸ்கெல் கரி என்னும் தருக்கவியலறிஞரின் பெயரே அம்மொழிக்குச் சூட்டப்பட்டது.

பிற மொழிகளிற் பெயரென்பது ஒரு பெட்டி போன்றது. உள்ளிருக்கும் பொருளை வேண்டும்போதெல்லாம் மாற்றலாம். ஹாஸ்கெல் மொழியிலோ ஒரு பெயர்க்கு இட்ட மதிப்பு இட்டதே. அங்ஙனமாயின், மாறிக்கொண்டே இருக்கும் உலகோடு இம்மொழி எங்ஙனம் உரையாடும்? வலைவழிச் செய்தி வருதலும், வட்டில் எழுதுதலும், கடிகாரம் பார்த்தலும் தூய சார்புகள் அல்லவே! இவ்வினாவிற்கு விடை காணவே, தூய்மைக்கு முற்றிலும் மாறாகத் தோன்றும் ஒரு வேலையை யாம் வேண்டுமென்றே தேர்ந்தோம்.

எடுத்துக்கொண்ட வேலை

பிட்டாரெண்ட் நெறியை 2001-ஆம் ஆண்டில் பிராம் கோஹன் என்பார் வெளியிட்டார்; அவர்தம் முதல் நிரல் பைதான் மொழியில் அமைந்தது. ஒரு பெரிய கோப்பை ஆயிரம் பேர் வேண்டுவராயின், அவ்வாயிரம் பேர்க்கும் ஒரே கணினி வழங்குவது பெருஞ்சுமையாம். இந்நெறியில், கோப்பு பல துண்டுகளாக்கப்படும். ஒரு துண்டைப் பெற்றவர் அதனைப் பிறர்க்கு வழங்கிக்கொண்டே எஞ்சிய துண்டுகளைப் பெறுவர். வேண்டுவோர் பெருகப் பெருக வழங்குவோரும் பெருகுவர்.

பயிற்சிக்கு இது தகுந்ததாதற்குக் காரணம் மூன்று. அடிப்படை விதிகள் சில பக்கங்களில் அடங்கும். வேலை முடிந்ததா என்பதில் ஐயத்திற்கிடமில்லை. கோப்பு முழுமையாக வந்ததெனின் வெற்றி, இன்றேல் தோல்வி. மூன்றாவதாக, இலக்கணப் பகுப்பும், முத்திரை சரிபார்ப்பும், முன்பின் அறியாக் கணினிகளோடு உரையாடலும், ஒரே காலத்தில் நிகழும் பல செயல்களும் இதனுள் ஒருங்கே அமைந்துள்ளன. தெபியன் போன்ற கட்டற்ற இயங்குதளங்களை அவற்றை ஆக்குவோரே இந்நெறியிலும் வழங்குகின்றனராதலின், சோதனைக்கு முறையான கோப்புகள் வேண்டுமளவு உண்டு.

முதற்படி: பகுத்தறிதல்

ஒரு கோப்பைப் பெற விரும்புவார்க்கு முதலிற் கிடைப்பது, அக்கோப்பைப் பற்றிய விவரம் அடங்கிய சிறு கோப்பேயாம். அதனை டாரெண்ட் கோப்பு என்பர். அதனை எழுதும் முறைக்குப் பென்கோடு என்பது பெயர். அதன்கண் உள்ள வகைகள் நான்கே: எண், சரம், பட்டியல், அகராதி. எண் 'ஐ' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்திற் றொடங்கி 'ஈ' என்னும் எழுத்தில் முடியும். பட்டியல் 'எல்' எழுத்திலும் அகராதி 'டி' எழுத்திலும் தொடங்கி அவ்வாறே முடியும். சரத்திற்கு முன்னே அதன் நீளமும், அதனை அடுத்து முக்காற்புள்ளியும் வரும்.

பட்டியலுக்குள் பட்டியலும் அகராதிக்குள் அகராதியும் வரலாம். ஆகவே, "மதிப்பென்பது ஓர் எண், அல்லது ஒரு சரம், அல்லது மதிப்புகளின் பட்டியல், அல்லது சரங்களை மதிப்புகளோடு இணைக்கும் அகராதி" என்று அதனைக்கொண்டே அதனை வரையறுத்தோம். ஹாஸ்கெல் மொழியில் இவ்வரையறை ஏறக்குறைய இவ்வாறே ஒரு வரியில் எழுதப்படும். எழுத்து சேர்ந்து சொல்லாதலும் சொல் சேர்ந்து தொடராதலும் போல, எண்ணைப் பகுக்கும் சிறு சார்பையும் சரத்தைப் பகுக்கும் சிறு சார்பையும் ஒன்றோடொன்று இணைத்துப் பட்டியலைப் பகுக்கும் பெரிய சார்பை ஆக்கினோம்.

இங்கேயே முதல் இடறலும் நேர்ந்தது. ஆங்கிலப் பெயர்களைக்கொண்டு யாமே எழுதிய மாதிரிகளில் எம் நிரல் பழுதின்றி நடந்தது. பின்னர்க் கல்வி என்னும் பெயரை இட்டுப் பார்த்தோம். நிரல் திகைத்து நின்றது. கல்வி என்பது நம் இலக்கணப்படி மூன்றெழுத்து. யூனிகோடு முறையிற் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியாகலின் அஃது ஐந்து குறி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு வேண்டுதலின், கோப்பில் அது கொள்ளுமிடம் 15 பைட்டு. பென்கோடு எண்ணுவது பைட்டுகளையே. ஆதலின் அதனை 15:கல்வி என்றே எழுதுதல் வேண்டும். எம் நிரலோ பதினைந்து குறிகளை எடுக்க முயன்று, அடுத்திருந்த பகுதியையும் சேர்த்து விழுங்கியது. ஆங்கில எழுத்துக்கு எழுத்தும் குறியும் பைட்டும் ஒன்றாகவே இருத்தலின் பிழை அதுகாறும் மறைந்திருந்தது. உரை வேறு, பைட்டுத் தொடர் வேறு என்று இரண்டிற்கும் இரண்டு வகைப் பெயர் இட்ட பின்னர், ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் நிரலைத் தொகுக்கும் போதே மொழி எம்மைத் தடுத்தது.

ஒரு மதிப்பைப் பென்கோடாக எழுதி மீண்டும் பகுத்தால் அதே மதிப்பு வருதல் வேண்டும் என்பது ஒரு விதி. கோன் கிளாசென், ஜான் ஹியூஸ் என்பார் 2000-இல் வெளியிட்ட குவிக்செக் என்னும் கருவி, இத்தகைய விதியைக் கொடுத்த அளவில் நூற்றுக்கணக்கான மதிப்புகளைத் தானே படைத்துச் சோதிக்கும். எம் பகுப்பான் குறையெண்களை அறியாதென்பதை அக்கருவி ஒரு நொடியிற் காட்டிற்று.

இரண்டாம் படி: முத்திரை

அறியாதார் பலரிடமிருந்து வரும் துண்டுகளை எங்ஙனம் நம்புவது? டாரெண்ட் கோப்பினுள் ஒவ்வொரு துண்டிற்கும் எஸ்எச்ஏ-1 என்னும் ஹாஷ் முத்திரை 20 பைட்டு அளவில் எழுதப்பட்டுள்ளது. வந்த துண்டின் முத்திரையைக் கணித்து, எழுதியதனோடு ஒப்பிட்டு, ஒத்ததாயிற் கொள்ளலாம், இன்றேற் றள்ளலாம். 10,00,000 பைட்டு உள்ள கோப்பை 2,62,144 பைட்டு உள்ள துண்டுகளாக்கினால், மூன்று முழுத் துண்டுகளும் 2,13,568 பைட்டு உள்ள கடைத்துண்டு ஒன்றும் ஆகும்; முத்திரைத் தொடர் 80 பைட்டு நீளும். கடைத்துண்டு குறுகியதென்பதை மறந்து இடர்ப்படுவோர் பலர், யாமும் மறந்தோம்.

துண்டுகளின் விவரம் அடங்கிய அகராதிப் பகுதிக்கும் ஒரு முத்திரை உண்டு. அதுவே அக்கோப்பின் அடையாளம். அதனைக் கணிக்கும்போது, எமக்குத் தெரிந்த பகுதிகளை மட்டும் எடுத்து மீண்டும் பென்கோடாக்கி முத்திரை கண்டோம். அவ்வகராதியில் யாம் அறியாத சொல் ஒன்று இருந்தபோது அது விடுபட்டு, அடையாளமே மாறிப் போயிற்று. வந்த பைட்டுகளை வந்தவாறே காத்து முத்திரை காணல் வேண்டும் என்பது இதனாற் பெற்ற பாடம். 2017-ஆம் ஆண்டில், ஒரே எஸ்எச்ஏ-1 முத்திரை தரும் இருவேறு கோப்புகளை ஆம்ஸ்டர்டாம் கணித ஆய்வு நிலையத்தாரும் கூகுள் நிறுவனத்தாரும் ஆக்கிக் காட்டினர். இந்நெறியின் இரண்டாம் பதிப்பு எஸ்எச்ஏ-256 முத்திரையைக் கொண்டது.

மூன்றாம் படி: உரையாடல்

இக்கோப்பை இப்போது யார் யார் வைத்துள்ளார் என்பதை டிராக்கர் என்னும் கணினி அறிவிக்கும். ஒவ்வொரு தோழக் கணினிக்கும் ஐபி முகவரிக்கு நான்கும், வாயில் எண்ணுக்கு இரண்டும் ஆக ஆறு பைட்டுகளில் அது விடை தரும். பின்னர்த் தோழக் கணினியோடு கைகுலுக்கல் நிகழும். 19 என்னும் எண்ணுக்கு 1 பைட்டு, நெறியின் பெயர்க்கு 19, ஒதுக்கீட்டிற்கு 8, கோப்பின் அடையாளத்திற்கு 20, நம் அடையாளத்திற்கு 20 ஆக 68 பைட்டு அதன் அளவு. அதன் பின்னர் வரும் செய்தி ஒவ்வொன்றிற்கும் நான்கு பைட்டு நீளக்குறிப்பு முன் நிற்கும்.

வலைவழி வருவது ஆற்றொழுக்குப் போன்றது. செய்தியின் எல்லையும் நாம் ஒருகால் மொண்டெடுக்கும் அளவும் ஒத்திருப்பதில்லை. பாதிச் செய்தியோடு பகுப்பான் நின்றுவிட்டால் யாது செய்வது? இங்கேதான் சார்பும் ஒரு மதிப்பே என்னும் கொள்கையின் பயனைக் கண்டோம். எம் பகுப்பானின் விடை மூவகைப்படும்: முடிந்தது, இதோ எஞ்சிய பைட்டுகள், பிழை, இன்னும் வேண்டும். மூன்றாம் விடையோடு ஒரு சார்பும் வரும். அடுத்த பைட்டுகள் வந்தபோது அச்சார்பிடம் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து அது வேலையைத் தொடரும். எதுவரை படித்தோம் என்பதை எங்கும் குறித்து வைக்க வேண்டுவதில்லை. அக்குறிப்பு அச்சார்பினுள்ளேயே அடங்கியுள்ளது.

நின்றுபோன கடைத்துண்டு

இனி, எம் முயற்சி ஏறக்குறைய முறிந்த இடத்தைக் கூறுவோம். துண்டு ஒவ்வொன்றையும் 16,384 பைட்டு உள்ள பகுதிகளாகக் கேட்டுப் பெறுதல் வழக்கம். தோழக் கணினி விரும்பும்போது, "இனித் தாரேன்" என்று வாயிலை அடைக்கலாம், பின்னர்த் திறக்கலாம். தொடக்கத்தில் இருபுறமும் அடைத்தே இருக்கும்.

எம் முதல் நிரல், பழைய பழக்கத்தால், பொதுப் பெட்டிகள் சிலவற்றை வைத்து அமைத்ததாகும். கேளாத பகுதிகள் ஒரு பெட்டியில், கேட்டவை ஒன்றில், பெற்றவை மற்றொன்றில். தோழர் ஒவ்வொருவரோடும் உரையாடும் இழைகள் அப்பெட்டிகளைத் திறந்து திருத்திக்கொண்டிருந்தன. ஹாஸ்கெல் மொழியில் எழுதினோமேயன்றிச் சார்புமுறையில் எழுதினோமல்லோம். நிரல் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு கோப்பைப் பெற்று, கடைசியில் ஒரு துண்டு வாராமல் நின்றுவிடும். சில நாள் நிற்கும். சில நாள் நில்லாது முடியும். பிழையைப் பிடிக்க அமர்ந்த நாளில் நன்கு நடக்கும். மூன்று நாள் இரவும் பகலும் முயன்றும் காரணம் விளங்கவில்லை. மீளவும் நிகழச் செய்ய இயலாத பிழையைத் திருத்தவும் இயலாதன்றே! எம்முள் ஒருவர் பைதான் மொழிக்கே திரும்பலாமென்றார். மறுத்துரைக்க எமக்கு வாயில்லை.

அந்நிலையிற்றான், முடிவு செய்தல் வேறு, செயலாற்றல் வேறு என்னும் உண்மை எமக்கு உறைத்தது. நிரலை இரண்டாகப் பிரித்தோம். உட்பகுதி ஒரு தூய சார்பு. இப்போதுள்ள நிலையையும், நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்றையும் அதற்குக் கொடுப்போம். புதிய நிலையையும், செய்யவேண்டுவனவற்றின் பட்டியலையும் அது திருப்பித் தரும். செய்தி வந்தது, இணைப்பு அறுந்தது, நேரம் கடந்தது என்பன நிகழ்ச்சிகள். இச்செய்தியை அனுப்புக, இத்துண்டை வட்டில் எழுதுக என்பன கட்டளைகள். உட்பகுதி தானே எதனையும் அனுப்பாது, எழுதாது, கடிகாரமும் பாராது. வெளிப்பகுதியோ எதனையும் முடிவு செய்யாது. இட்டதைச் செய்து, கண்டதைச் சொல்லும்.

இதன் பயன் அன்றைக்கே கிட்டிற்று. நிகழ்ச்சிகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்தோம். நிரல் நின்ற பின்னர், அதே வரிசையை வலையின்றியே உட்பகுதிக்கு மீண்டும் கொடுத்தோம். சார்பு தூயதாகலின், எத்தனை முறை கொடுப்பினும் அதே இடத்தில் அதே பிழை! ஒளிந்து திரிந்த பிழை எம் கண்முன் நின்றது. ஒரு தோழர் எம் வேண்டுகோளுக்கு விடை தருமுன் வாயிலை அடைத்திருந்தார். அடிப்படை நெறியின்படி அவ்வேண்டுகோள் அத்துடன் ஒழிந்ததாம். யாமோ அதனைக் கேட்ட பெட்டியிலேயே வைத்து, அவர் தருவாரென்று காத்திருந்தோம். கேட்டதாகக் குறித்திருந்தமையின் பிறரிடமும் கேட்கவில்லை. பிற துண்டுகள் வந்துகொண்டிருந்தவரை குறை தெரியவில்லை. கடைசியிலேதான் அது வெளிப்பட்டது.

திருத்தம் எளிதாயிற்று. மூன்று பெட்டிகளை ஒழித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிலை வகுத்தோம்: கேளாதது, இன்னின்ன தோழரிடம் கேட்டது, பெற்றது. ஒரு பகுதி இரண்டு நிலையில் இருக்கவும் முடியாது, ஒன்றிலும் இல்லாதொழியவும் முடியாது. வகையின் அமைப்பே அதனைத் தடுக்கும். வாயில் அடைபட்ட நிகழ்ச்சி வந்தவுடன், அத்தோழரை மட்டும் கொண்ட பகுதிகள் யாவும் கேளாதவை ஆகும். அவ்விரவு முழுக் கோப்பும் வந்து சேர்ந்தது. கடைத்துண்டின் முத்திரையும் ஒத்ததைக் கண்டபோது எமக்குண்டான மகிழ்ச்சி சொல்லுந்தரத்ததன்று.

சோம்பலின் தீங்கு

சார்புமுறையிற் குறையே இல்லையென்று மாணவர் கருதற்க. ஹாஸ்கெல் மொழி, ஒரு மதிப்பு வேண்டப்படும்வரை அதனைக் கணியாது. இதனைச் சோம்பல் முறை என்பர். பெற்ற பைட்டுகளின் கூட்டுத்தொகையை யாம் பகுதிதோறும் கூட்டி வந்தோம். ஆனால் அத்தொகையை நெடுநேரம் பார்க்கவில்லை. மொழியும் கூட்டாமல், "இதனோடு இதனைக் கூட்டுக" என்னும் குறிப்புகளை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது. நினைவகம் வீணே பெருகிற்று. இத்தொகையை அவ்வப்போதே கணிக்க என்று ஓரிடத்திற் குறித்தபின் அக்குறை நீங்கியது. மேலும், வட்டு நிறைந்துபோதலும் இணைப்பு அறுந்துபோதலும் எம்மொழியிலும் நேர்வனவே. அவை வெளிப்பகுதியில் இன்னும் எம்மைத் தொல்லைப்படுத்துகின்றன. ஆயினும் அவை நிற்குமிடம் சிறிது. அவ்விடம் இன்னதென்பதும் தெரியும்.

முடிவுரை

இவ்வேலையை மேற்கொள்ள விழையும் மாணவர்க்கு யாம் கூறத்தகும் முறை இது. முதலிற் பென்கோடு பகுப்பானை எழுதி, எழுதியும் பகுத்தும் பார்க்கும் விதியாற் சோதிக்க. அடுத்துக் கோப்பின் அடையாளத்தைக் கணித்து, வேறொரு நிரல் காட்டுவதோடு ஒப்பிடுக. பின்னர் ஒரே ஒரு தோழரோடு கைகுலுக்கி, ஒரே ஒரு துண்டைப் பெற்று முத்திரை பார்க்க. அதன் பின்னரே பலரோடு உரையாடுக. பெறுவதோடு நில்லாது வழங்குதலையும் எழுதுக. வழங்காதான் பெறுவதும் குறையும் என்பதே இந்நெறியின் ஏற்பாடு. பன்மொழிப் பெயருள்ள கோப்புகளையும் இட்டுப் பார்க்க. தமிழ்ப் பெயரொன்று எமக்குக் கற்பித்ததை ஆங்கிலப் பெயர் ஆயிரம் கற்பித்திரா.

யாம் கற்ற பாடம் ஒரு மொழியின் இலக்கணம் அன்று. மாறும் உலகை மாறாததென்று பாவிப்பது சார்புமுறை என்று முன்னர் எண்ணியிருந்தோம், அது பிழை. மாற்றத்தை மறுப்பதன்று அம்முறை. அதற்குரிய இடத்தை வகுத்துக் காட்டுவது. எண்ணித் துணியும் இடத்தையும் துணிந்ததைச் செய்யும் இடத்தையும் பிரித்து வைத்தால், பிழை நேர்ந்தபோது எண்ணியதைத் திரும்ப எண்ணிப் பார்க்கலாம். பைதான் மொழிக்குத் திரும்பலாமென்ற நண்பர் இப்போது அம்மொழியிலேயே வேறொரு நிரல் எழுதுகின்றார். அதனையும் உட்பகுதி, வெளிப்பகுதி என்று பிரித்தே எழுதுகின்றார். மொழி மாறினும் முறை அவரோடு சென்றது. கல்வியின் பயன் அதுவன்றோ!